அணைத்து வைத்த வழி

தேவகியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போக இருந்த வழியை மூடியது நம் ஆபீஸ்தான். ரிசார்ட்காரன் சுவர் எழுப்பியது அதற்குப் பிறகு. செங்கல்பட்டில் அந்த மாடி அறையில் உட்கார்ந்து வரைபடம் போட்ட நம் எல்லோருக்கும் இது தெரியும். பழைய ஆபீஸ் ஆட்கள் நீங்கள் அவளுக்கு அஞ்சலி எழுதித் தரச் சொன்னீர்கள். இதை விட்டுவிட்டு எழுத எனக்கு வரவில்லை.

நம்மோடு வரைந்துகொண்டிருந்த பாபு போன் செய்தபோது நான் சிறுசேரியில், பாதி எழும்பிய ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக் கட்டடத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

"தேவகி பூட்ச்சிடா."

"எங்க பூட்ச்சி?" என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். விடப்போவதாகப் பல தடவை சொன்னவள். "செத்துப் பூட்ச்சிடா" என்றான் பாபு. பிறகு, "மஞ்ச காமாலடா. வூட்லயே மருந்து குடுத்துகினு இருந்துகிறாங்க" என்று சொல்லி அழுதான். அவளுக்கு என் வயதுதான். முப்பத்து மூன்று.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு முடித்து, தொண்ணூறுகளின் நடுவில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதுதான் ஆபீஸுக்குப் படம் வரையக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அவள் குப்பத்து ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் லேயர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒரு தாளில், கதவை ஒரு தாளில், தண்ணீர்க் குழாயை இன்னொன்றில் வரையலாம். ஒவ்வொரு தாளின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன பல்பு இருக்கும். பல்பை அணைத்தால் அந்தத் தாளில் உள்ளது திரையில் தெரியாது, அச்சிலும் வராது. நாமோ எல்லாவற்றையும் 'ஜீரோ' என்கிற முதல் லேயரிலேயே கொட்டிவைப்போம்.

"டேய் பாபு, உங்க வூட்ல கொழம்பு, ரசம், மோரு அல்லாத்தியும் ஒரே குண்டான்லதான் ஊத்தி வெப்பாங்களா?" என்பாள் தேவகி.

"வயித்துக்குள்ள போனா ஒண்ணாத்தான ஆவப்போவுது?"

"அப்ப அங்கியே போயி வரை. என் ஃபைல தொடாத."

அவள் ஃபைலில் ஒவ்வொன்றுக்கும் தனி லேயர், தனி நிறம், படித்தாலே விளங்கும் பெயர். பிளம்பருக்கு ஒரு படம், எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு படம் என்று கேட்டு வருபவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரே ஃபைலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கையில் கொடுப்பாள். "பேரு வெச்சி தனியா இடம் குடுத்துட்டா எதுவும் தொலயாது" என்பாள். அப்போது அதை நம்பினாள்.

பிறகு ரிசார்ட் வேலை வந்தது. சர்வே அளவுகளை அவளிடம்தான் கொடுத்தார்கள். மனைக்குக் குறுக்கே ஒரு மண்பாதை. அவள் குப்பத்திலிருந்து கடலோரச் சுடுகாட்டுக்குப் போகிற பாதை. கிணறு, பனைமரம், வேலி எல்லாவற்றையும் போல அதற்கும் ஒரு லேயர் போட்டு, ஆங்கில எழுத்தில் 'சுடுகாட்டு வழி' என்று பெயர் வைத்தாள். நம் முதலாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்த பல்ப அணைச்சிட்டு ஒரு பிரிண்ட் போடும்மா."

"சார், அது எங்க ஜனங்க பொணம் போற வழி."

"நான் இன்னா அழிக்கவா சொன்னேன்? அணைக்கத்தானே சொன்னேன்?"

அவள் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவரே குனிந்து ஒரு தட்டுத் தட்டினார். பாதை போய்விட்டது. அந்த அச்சுதான் அனுமதிக்குப் போனது. குப்பத்து ஆட்கள் மனு கொண்டுபோனபோது, "படத்துல வழியே இல்லியே" என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள்.

தேவகி என்னிடம் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினாள். "பாபு மாதிரி ஜீரோவுல கொட்டி வெச்சிருந்தா, ஒவ்வொரு கோடா தேடித் தேடி அழிச்சிருக்கணும் அந்தாளு. ஒரே தட்டுல போறமாரி நான்தான்யா கட்டி வெச்சேன்." நேர்த்தியாக வேலை செய்தவளுக்கு அந்த ஆபீஸ் கொடுத்த கூலி இது.

அதற்குப் பிறகு அந்த ஃபைல் ஒரு மாதிரி நடந்துகொண்டது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முழுப் படத்தையும் திரையில் காட்டச் சொன்னால், கட்டடங்கள் எல்லாம் சிறுத்து ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். கடல் பக்கம் பெரிய கறுப்பு வெற்றிடம் விழும். "பேய் புட்ச்ச ஃபைலுடா இது" என்று பாபு கும்பிட்டுவிட்டு எழுந்து போனான். தேவகி சிரிக்கவில்லை. "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அணைச்சிதான கீது, அழிக்கலியே. சுடுகாடு வரைக்கும் வழி போவுதுன்னு மெஷினுக்குத் தெரியும். அதுக்கும் சேத்து எடம் உடுது." அன்றிலிருந்து அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் என் கண் கட்டடங்களுக்குப் போகாது. அந்தக் கறுப்புக்குத்தான் போகும். இப்போதும், வேறு ஏதோ ஃபைலில், திரையோரம் காலியாக இருந்தால் என் கை நின்றுவிடுகிறது.

அவளை எடுத்த அன்று மத்தியானம் பாடைக்குப் பின்னால் நடந்தேன். முன்னால் போனவர்கள் பழைய பழக்கத்தில் நேராக நடந்து, ரிசார்ட் சுவருக்கு எதிரில் போய் நின்றார்கள். பறை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"அண்ணாத்த, உள்ள கெஸ்ட் கீறாங்க. மோளத்த நிறுத்திட்டு சுத்திகினு போங்களேன்."

"இதான்யா வழி" என்றான் அவள் தம்பி.

"எனக்கு இன்னா தெரியும்? நான் வந்ததுலேர்ந்து செவுருதான் கீது."

கார்கள் பறக்கிற ஈ.சி.ஆர். ரோட்டு ஓரமாக அவளைச் சுமந்து, சுற்றிக்கொண்டு போனோம்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். ரிசார்ட் வேலைக்குப் பிறகு எந்த மனையை வரைந்தாலும், ஊர் நடக்கிற பாதையை மனை எல்லைக்கோட்டின் லேயரிலேயே போட ஆரம்பித்தாள். முதலாளி கத்தினார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும் சார். பாதைய அணைச்சா உங்க பார்ட்டியோட எல்லையும் போவும்" என்றாள். நானும் இன்றுவரை அப்படித்தான் வரைகிறேன். அதனால் எனக்கு இரண்டு இடத்தில் வேலை போனது.

முதலாளி மாலையோடு வந்திருந்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து அவர் காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டேன். "சார், ஃபைல் உங்ககிட்டதான் கீது. அந்த பல்ப போட்டு ஒரு பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போட்டுக் குடுங்க. இவங்க எடுத்துகினு போயி அதிகாரிங்ககிட்ட காட்டட்டும்."

அவர் கார்க் கண்ணாடியை ஏற்றினார். இதையும் அவர் படிப்பார். இன்னொரு தடவை கேட்கிறேன். அந்த பல்பைப் போட்டு ஒரு பிரிண்ட் கொடுங்கள், சார்.