பத்துப் பேருக்கும் ஒரே கடிதம்

நீங்கள் எழுதிக் கொடுக்கும் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது யார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

ஆர்.எஸ்.புரம் கிளினிக் ஒன்றில் அது நான்தான். பீடி, குடி, உப்பு, நடை பற்றி ஒவ்வொருவரும் எழுதியதை நான் டைப் செய்தால், அவரவருக்கேற்ற ஆலோசனைக் கடிதம் தனித்தனியாக அச்சாகும். போன மாதம் கிரிக்கெட் பார்க்கும் அவசரத்தில், ஒரு கல்லூரி விளையாட்டு வீரனின் பதில்களையே பத்துப் பேருக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் துடியலூர் மில் தொழிலாளி ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்துவந்தார். மனிதர் நெஞ்சைப் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, இருவது வருசமா பீடி குடிக்கற மனுசன டெய்லி மூணு மைல் ஓடச் சொல்லிப்போட்டீங்களே! மாடு தொரத்துனாக்கூட நடந்துதான் வருவாரு!" என்று அந்தம்மா கத்தினார்.

"கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லாதுன்னு ஓடிப்போட்டேன் கண்ணு," என்றார் அவர்.

லேசான மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். டாக்டரிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பதிலையும் அவரவருக்குப் படித்துக்காட்டித்தான் ஏற்றுகிறேன். மற்ற ஒன்பது பேரில் எட்டுப் பேரை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து, சரியான கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். ஒருவர் மட்டும் உடுமலைப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். அவரும் பீடி குடிப்பவர். அவர் முகவரி இன்னும் கிடைக்கவில்லை.