தண்ணீர் குடிக்காத வேலை நாட்கள்

முதலில் வந்தது குளிர். பங்குனி வெயிலில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து நடுங்கினேன். வலது விலாவுக்குக் கீழே குத்தல். சிறுநீர் நெருப்பாக எரிந்தது. சூடு என்று நினைத்து மோரில் வெந்தயம் போட்டுக் குடித்தேன். மூன்றாம் நாள் மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன்.

சீட்டில் ‘பைலோநெப்ரைட்டிஸ்’ (சிறுநீரகம் வரை கிருமி ஏறி வீங்குவது) என்று எழுதியிருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். புரியாத சொல் எதைக் கேட்டாலும் சாவுதான் நினைவுக்கு வரும்.

"ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிப்ப?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நெறையக் குடிப்பேன்." பொய் சொன்னேன்.

சமயநல்லூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தையல் கம்பெனியில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். வரிசைக்கு ஒன்றுதான். சூப்பர்வைசர் அதைத் தன் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, "நீயே கைய விட்டு எடுத்துக்க" என்பார். எடுத்து முடிக்கும் வரை சிரித்துக்கொண்டே நிற்பார். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டோம். பக்கத்து மெஷின் செல்வியக்கா, "நாமெல்லாம் ஒட்டகம்டி, பாலைவனத்துல விட்டாலும் பொழச்சுக்குவோம்" என்பாள். சிரிப்போம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே காய்ச்சல். டாக்டரம்மா என் வீட்டுக்காரரை வெளியே நிற்கச் சொன்னார்.

"திரும்பத் திரும்ப வந்தா கிட்னி சுருங்கிரும்மா. மறைக்காமச் சொல்லு."

சொல்லிவிட்டேன். கிட்னியை விட, வெளியே நின்றவர் என்ன கேட்பாரோ என்பதுதான் எனக்குப் பயம். டாக்டரம்மாவே அவரைக் கூப்பிட்டு விளக்கினார். அவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ எடுத்தியா?"

"எடுத்தேன்."

பத்து நாள் ஊசி போட்டார்கள், காய்ச்சல் போனது. அந்தக் கேள்வி ஆறியது என்று என்னால் எழுத முடியாது.

வேலையை விட்டேன். செல்வியக்கா பார்க்க வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமான கேலி இல்லை. "எனக்கும் எரியுதுடி," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. மறுநாள் அவளை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவள் வாய் திறக்க அரைமணி நேரமானது. நான் எழுந்து போகவில்லை.

இதைப் படிப்பவர்களில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் யாராவது இருந்தால், தயவுசெய்து அதைச் சூடு என்று நினைக்காதீர்கள்.

ஆறு வருடமாகிறது. கிருமி இல்லை என்கிறார்கள். ஆனால் தாகம் எனக்கு இன்னும் சரியாகத் தெரிவதில்லை. உதடு வெடித்த பிறகுதான் தெரிகிறது. கேட்டுக் கேட்டு உடம்பு ஓய்ந்துவிட்டது போலும். அதனால் மணிக்கொரு தரம் நானாகவே ஒரு டம்ளர் குடிக்கிறேன், கேட்கப் பயப்படும் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல.