மாமன்மார் முன்னே, மகள் பின்னே

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் இருந்தோம். ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் கத்துவதுதான் என் தொழில். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது.

மகள் பிளஸ் டூ முடித்து, சென்னையில் ஒரு காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசைப்பட்டாள். மார்க்கு கொஞ்சம் இழுபறி. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் சீட்டாம். அனுப்ப ஒரே ஒரு நாள்தான் பாக்கி; அன்றைக்கே தபாலில் போட வேண்டும்.

மகள் பேனாவை எடுத்தாள். நான் விடுவேனா? எத்தனை காதுகுத்துக்கு மைக்கில் முழங்கியவன்! தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு இழுத்துப் போனேன். அங்கே டைப் சொல்லித்தரும் பெண், தமிழில் சொன்னால் இங்கிலீஷில் அடித்துத் தருவார்.

எனக்குத் தெரிந்தது காதுகுத்துக்கு மைக்கில் சொல்லும் வரிசை ஒன்றுதான். முதலில் குலசாமி, அப்புறம் பெரியப்பாமார், சித்தப்பாமார், தாய்மாமன்மார். ஒரு பெயர் விட்டாலும் வெட்டுக்குத்து. எல்லாரையும் அடுக்கினேன். முக்கால் பக்கத்தில் அந்தப் பெண் கையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, காது குத்துற புள்ள எங்கண்ணே?"

"கடைசி வரியில வாராள்ல."

"அப்ப இம்புட்டுப் பேரும் காலேஜுக்குப் போறாகளா?"

டைப் அடித்துக்கொண்டிருந்த அத்தனை மிஷினும் நின்று சிரித்தது. அவர் தாளை உருவிப் போட்டுவிட்டு மகளிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நீயா செஞ்சது ஏதாச்சும் ஒண்ணு."

மகள் என்னைப் பார்த்தாள்.

"மைக்செட்டு பழுதானா நான்தான் பிரிச்சுச் சரிபண்ணுவேன்" என்றாள் மெதுவாக.

பின்னால் இருந்து எங்கள் தெருப் பையன் ஒருவன் குரல் கொடுத்தான். "யண்ணே, அது உங்க கைராசின்னுல சொன்னீக!"

சொல்லித்தான் இருந்தேன். டீக்கடை டீக்கடையாகச் சொல்லியிருந்தேன். இப்போது நான் வாயைத் திறந்து மழுப்பினால் அவள் பொய்க்காரி ஆவாள், சீட்டும் போகும்.

"எம்மகதான்டா சரிபண்ணுவா. நான் பக்கத்துல உக்காந்து ஸ்க்ரூ பொறுக்குவேன்."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் மகள் முகம் தெளிந்துவிட்டது. டைப் அடிக்கிற பெண் ஒரு துண்டுத்தாளில் மளமளவென்று வரிசை போட்டார். மைக்செட்டு நின்றுபோன நாள் முதலில். பழுதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது ரெண்டாவது. இன்னும் எது அவளுக்குப் புரியவில்லை என்பது மூன்றாவது. குடும்பத்துக்குக் கடைசியில் ஒரே வரி.

"தெரியாததையுமாம்மா எழுதுறது?" என்றேன்.

"அதுக்குத்தானண்ணே காலேஜு."

அதற்கப்புறம் மகள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். ஐந்தாம் வகுப்பில் என் பழைய ரேடியோவைத் திருட்டுத்தனமாகப் பிரித்தது, ஈயம் பற்றவைக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டு அடுப்பில் சுட்டதாகச் சொன்னது, எதுவுமே எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்தோம். வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலத் தபாலில் போட்டோம்.

மூன்று வாரம் கழித்து சீட்டு வந்தது. அவளுக்காக நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், ஒரு மத்தியானம் பேசாமல் இருந்தேன் என்பதைத் தவிர இன்றைக்கும் என்னிடம் வேறு பதில் இல்லை.