மேற்கே நீளாத வீடு

அட்ராக்டா டர்கன் முப்பத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மேயோ மாவட்டத்தின் குறுகிய சாலைகளில் எதிரே டிராக்டர் வந்தால், யார் வண்டியைப் பின்னால் எடுப்பது என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே முடிவாகிவிடும். வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் நன்றி மறக்கிற ஆள் இல்லை. பல் பிடுங்கிய டாக்டருக்கும், கன்றை உயிரோடு இழுத்துப் போட்ட மாட்டு வைத்தியருக்கும், ஏன், வரி அலுவலகத்தில் போனை எடுத்து மரியாதையாக நாலு வார்த்தை பேசிய முகம் தெரியாதவருக்கும்கூட நன்றி அட்டை எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் மறுவேலை பார்ப்பாள்.

அவள் புருஷன் மாலக்கிக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் ஏழெட்டுச் சொற்கள்தான் மிச்சம். இருவரும் வாடகைக்கு இருந்தது டவுனில், சிப்ஸ் கடைக்கு மேலே, பத்தொன்பது படி ஏறிப் போகிற வீட்டில். சக்கர நாற்காலியை அதில் எப்படி ஏற்றுவது? மனுஷனை முதியோர் இல்லத்தில் விட வேண்டியதாயிற்று. பக்கத்துக் கட்டில்காரர் பொழுதன்னைக்கும் செத்துப்போன தன் நாயைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருப்பார். காலை பஸ்ஸை விட்டுவிட்டு அட்ராக்டா போய் உட்கார்ந்ததும் மாலக்கி ஒரே சொல்லைத்தான் கேட்பான்.

"வீடு?"

"வருது, வருது. ஈஸ்டருக்குள்ள உன்ன வீட்டுல கொண்டு போய் உக்கார வெக்கலைன்னா என் பேர மாத்திக்கறேன்" என்பாள்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கார்ரபேன் கிராமத்தில் அவள் அண்ணன் அரை ஏக்கர் கொடுத்திருந்தார். படியே இல்லாத, தரையோடு தரையாக ஒரு வீடு. மாலக்கிக்கு மாலை வெயில் விழட்டும் என்று மேற்குக் கோடியில் அவனுக்கென ஓர் அறை. அந்தப் பிளானுக்குக் கவுன்சிலில் அனுமதி வாங்க ஒன்பது மாதம் பிடித்தது. அந்தக் கடிதம் வந்த அன்று, காலி பஸ்ஸுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடித் தீர்த்தாள்.

கொத்தனார் ஜார்லத் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். பிளானை விரித்தான், கண்ணாடியைப் போட்டான், திரும்பச் சுருட்டினான்.

"இத நான் கட்ட மாட்டேன்."

"ஏன், என்ன கோளாறு?"

"மேற்கால நீட்டியிருக்கே."

அதற்குமேல் அந்த ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மேற்கே அறை நீட்டிய வீட்டிலிருந்து வருஷம் திரும்புவதற்குள் ஒரு சவப்பெட்டி வெளியே போகும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அட்ராக்டாவுக்குத் தெரியாதா? தெரியும். எஞ்சினியர் படம் போட்டபோது நினைவுக்கு வந்ததை, காலம் மாறிவிட்டது என்று தனக்குத்தானே அடக்கி வைத்திருந்தாள்.

"இந்தக் காலத்துலயும் இதையெல்லாம் நம்புறியா நீ?"

"நான் எங்க நம்புறேன்? நம்பல. ஆனா கட்ட மாட்டேன்."

அவனைத் திட்டிவிட்டு நேரே மாலக்கியிடம் போனாள். அவன் பிளானைப் பார்த்தான். இடது கையால் அந்த மேற்கு அறையை ஓங்கித் தட்டினான். "அப்பா" என்றான். அவன் அப்பா மேற்கே ஓர் அறை இழுத்த மறு வசந்தத்தில்தான் அவரைத் தூக்கிப் போனார்கள். அட்ராக்டா பிளானைச் சுருட்டினாள். நம்பிக்கையாவது மண்ணாவது, ஆனால் கட்டில் போடப்போகிறது இவனுக்கல்லவா?

மறுநாள் ஜார்லத் பிளானைப் பின்பக்கமாகத் திருப்பி, சன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான். வெளிச்சத்தில் கோடெல்லாம் மாறித் தெரிந்தது. மேற்கு அறை கிழக்கே வந்துவிட்டது.

"பாரு. அதே வீடு. ஒரு அங்குலம் கூடல, ஒரு அங்குலம் கொறையல. மாலை வெயிலுக்குப் பதிலா காலை வெயிலு."

"அனுமதி வாங்கினது இப்படி இல்லையே ஜார்லத்."

"கட்டி முடிச்சப்புறம் ஒரு மனு போடு. கட்டினத கட்டினபடி விட்டுருவாங்க. பாதி ஊரு அப்படித்தான் நிக்குது!"

அக்டோபரில் கூரை ஏறியது. வாசலில் நின்று அட்ராக்டா போட்டோ எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு பிரதி போட்டு, உதவியவர்களுக்கெல்லாம் அட்டையில் ஒட்டி அனுப்பினாள். நாக் மாதா கோவிலில் உங்களுக்காக மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி. ஜார்லத் சொன்ன மனுவை மட்டும் நாளை நாளை என்று தள்ளிப்போட்டாள்.

நவம்பரில் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம். அனுமதிக்கு மாறாகக் கட்டப்பட்ட கட்டடம். வேலையை நிறுத்தவும். நான்கு வாரத்துக்குள் பதில் தரவும்.

தலையில் இடி விழுந்ததுபோல நின்றாள். தேநீர் ஆறி ஏடு படிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கோபம் வந்தது பாருங்கள், அது நேரே கிழக்கே போய் நின்றது.

கிழக்கே ஃபெஸ்டஸ் மன்னெல்லியின் வீடு. தனிக்கட்டை, எழுபது தாண்டியவர். செல்போன் கோபுரம் வேண்டாமென்று ஒருமுறை, யாரோ கட்டிய வைக்கோல் கொட்டகை சாலையை மறைக்கிறதென்று ஒருமுறை, கவுன்சிலுக்கு எழுதிப்போட்ட புண்ணியவான். வேறு யார் எழுதியிருப்பார்கள்?

"அவனேதான்!" என்றாள் ஜார்லத்திடம். "முள்ளம்பன்றிப் பயல். சக்கர நாற்காலில ஒருத்தன் வர்றான்னு தெரிஞ்சும் எழுதியிருக்கான் பாரு."

அன்றிலிருந்து ஃபெஸ்டஸுக்கு விரல் தூக்குவதை நிறுத்தினாள். அந்தச் சாலைகளில் எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் மெல்லத் தூக்கிக் காட்ட வேண்டும். தெரிந்தவனோ தெரியாதவனோ, அதுதான் வணக்கம், அதுதான் குசலம். தூக்காவிட்டால், உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று மாதா கோவிலில் நின்று அறிவித்ததற்குச் சமம். தினம் காலையில் ஃபெஸ்டஸின் பழைய டிராக்டர் எதிரே வரும். அவர் விரல் தூக்குவார். அட்ராக்டா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வானத்தைப் பார்ப்பாள். ஆறு வாரம் இப்படி. மூன்றாவது வாரத்தில் அவரும் நிறுத்திக்கொண்டார்.

டிசம்பர் நடுவில் கவுன்சிலிலிருந்து கிரான்யா வந்தாள். அனுமதிக்கு அலைந்தபோது போனில் பொறுமையாகப் பேசிய அதிகாரி. ரப்பர் பூட்ஸோடு வீட்டை இரண்டு சுற்று சுற்றினாள், நாடா பிடித்து அளந்தாள். அட்ராக்டாவால் பொறுக்க முடியவில்லை.

"புகார் குடுத்தவங்க பேர நீங்க சொல்லக் கூடாது, தெரியும். நீங்க சொல்லவே வேணாம். அந்தப் பக்கத்து வீட்டுக் கெழவன்தானே?"

கிரான்யா விழித்தாள். "யாருமே புகார் குடுக்கலையே, மிஸஸ் டர்கன்."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

கிரான்யா கோப்பைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். அட்டையில் அட்ராக்டா, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி புது வீட்டு வாசலில். கீழே அவள் கையெழுத்தில் நாக் மாதா, மெழுகுவத்தி. அந்தச் சிரிப்புக்குக் குறுக்கே 'பெறப்பட்டது' என்று கவுன்சில் முத்திரை.

"எனக்கு இந்த வேலையில யாரும் நன்றி சொன்னதே இல்ல. ஆசையா என் பலகையில குத்தி வெச்சிருந்தேன். ஒரு நாள் காபி குடிச்சுக்கிட்டே பாத்தேன், பெட்ரூம் தப்பான பக்கத்துல இருக்கு. பாத்தப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாதே."

அட்ராக்டாவின் முகத்தில் ஈயாடவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, தபால்தலையும் ஒட்டி அனுப்பியிருக்கிறாள்! அதைவிட மோசம், ஒரு பாவமும் அறியாத மனுஷனிடம் ஆறு வாரமாக வானத்தைப் பார்த்திருக்கிறாள். அப்படியே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் திருப்பிக் கட்டினீங்க?" என்று கேட்டாள் கிரான்யா.

"மேற்கால நீட்டக் கூடாதுன்னு."

கிரான்யா பேனாவை மூடினாள். "எங்கம்மாவும் விட மாட்டாங்க. ஆனா நான் அத எழுத முடியாது. காலை வெளிச்சத்துக்காகன்னு போட்டுக்கறேன். நீங்க கட்டினத விட்டுவைக்கச் சொல்லி மனு போடுங்க. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். பழைய பிளான்ல அந்த சன்னல் வெறும் வயலப் பாத்துச்சு. இப்ப பதினாலு மீட்டர்ல பக்கத்து வீட்டுக்காரரோட சமையலறைய நேராப் பாக்குது. அவர் வேணாம்னு எழுதிட்டா மனு நிக்காது. அந்த அறைய இடிக்க வேண்டி வரும்."

அந்த அறையென்றால் மாலக்கி. வீட்டில் மற்றதெல்லாம் சுவர்தான்.

ஜனவரியில் மனு போட்டாள். ஊரார் யாரும் ஐந்து வாரத்துக்குள் கருத்து எழுதலாம் என்று புது வீட்டு வாசல் கேட்டில் அறிவிப்பு தொங்கியது. மறுநாள் காலை ஃபெஸ்டஸின் டிராக்டர் வந்தபோது அட்ராக்டா விரலைத் தூக்கினாள். ஒரு விரல் இல்லை, அவசரத்தில் மூன்று விரல் எழுந்துவிட்டது.

ஃபெஸ்டஸ் நேரே பார்த்தபடி போய்விட்டார்.

மறுநாளும் தூக்கினாள், அதற்கு மறுநாளும். அவர் கை அசையவே இல்லை. போய்க் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டால் என்ன? இரண்டு முறை அவர் கேட்வரை போனாள். காரியம் ஆக வேண்டியிருக்கும்போது வந்து நிற்கிறாள் பார் என்று நினைப்பாரே என்று திரும்பினாள். இல்லத்தில் மாலக்கி "வீடு?" என்று கேட்டான். போர்வையைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரக் கடைசி நாள் கவுன்சில் ஆபீசுக்குப் போனாள். வந்த கருத்துகளை யார் கேட்டாலும் காட்டுவார்கள். கவுண்டர்காரர் கோப்பைத் தந்தார். உள்ளே ஒரே ஒரு காகிதம். மாட்டுச் சந்தைத் துண்டறிக்கையின் முதுகில், பெரிய பெரிய எழுத்தில்: ஃபெஸ்டஸ் மன்னெல்லி, கார்ரபேன்.

போச்சு என்று கண்ணை மூடினாள். மூடியபடி படிக்க முடியாதே. திறந்தாள்.

'ஐயா, அந்தச் சன்னல் என் சமையலறையைப் பார்ப்பது உண்மை. பதினான்கு மீட்டர். நானும் அளந்தேன். அங்கே வெட்கப்படும்படி நான் எதையும் தின்பதில்லை. என் தங்கை இறந்து ஒன்பது வருடமாகிறது. காலையில் என் விளக்கு எரிந்ததா இல்லையா என்று அதன் பிறகு யாரும் பார்த்ததில்லை. அந்தச் சன்னலில் ஒருவர் உட்காரப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். சன்னல் இருக்கட்டும்.

இன்னொன்றும் எழுதிவைக்கிறேன். மனு போட்டதிலிருந்து திருமதி டர்கன் சாலையில் விரல் தூக்குகிறார். நான் பதிலுக்குத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால், வணக்கத்துக்கு மயங்கி எழுதியது என்று இந்தக் கடிதத்தைத் தள்ளிவிடுவீர்கள். முடிவு வந்த பிறகு தூக்குவேன்.'

அட்ராக்டா அதை மூன்று முறை படித்தாள். அப்புறம், பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், கவுண்டரில் தலை வைத்து ஓவென்று அழுதாள். கவுண்டர்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"கெட்ட சேதியா, அம்மா?"

"இல்லப்பா. நான்தான் கெட்டவ."

மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது. மறுநாள் காலை பனிமூட்டத்தில் டிராக்டர் வந்தது. ஃபெஸ்டஸ் முந்திக்கொண்டு விரலைத் தூக்கினார். அட்ராக்டா பஸ்ஸை நடுச்சாலையில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஃபெஸ்டஸ், நான் உங்களுக்குப் பண்ணினது…"

"பிள்ளைங்களுக்கு நேரமாகுது, போ" என்றார் அவர். "சன்னலுக்குத் திரை கிரை போட்டுத் தொலைக்காத. அவ்வளவுதான்."

ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால் மாலக்கி வந்து சேர்ந்தான். வாசலில் சக்கரம் இடிக்காமல் உள்ளே உருண்டது. அட்ராக்டா நன்றி அட்டைகள் வாங்கி வந்தாள். ஜார்லத் அதைப் பார்த்துவிட்டு, "போட்டோவ ஒட்டின, கைய ஒடிச்சுருவேன்" என்றான். ஒட்டவில்லை.

இப்போது ஏழரைக்கு அவள் பஸ்ஸை எடுக்கும்போது கிழக்குச் சன்னலில் மாலக்கி உட்கார்ந்திருப்பான். எதிர்ச் சமையலறையில் விளக்கு எரியும். ஃபெஸ்டஸ் தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்பார். மாலக்கி, நாற்காலிக் கையிலிருந்து இடது கை ஆள்காட்டி விரலை மெல்லத் தூக்குவான். அதற்குப் பேச்சு வேண்டாம், வலப்பக்கமும் வேண்டாம். அங்கேயிருந்து ஒரு விரல் எழும். அதைப் பார்த்த பிறகுதான் அட்ராக்டா கியர் போடுவாள்.