ஏழாம் வசனம்

தோலும் அதை ஒட்டுகிற "சொல்யூஷன்" பசையும் சேர்ந்து அடிக்கிற வாடைதான் எனக்கு வேதப்புத்தகத்தின் வாடை. மற்றவர்களுக்குப் பழைய தாளோ மெழுகுவர்த்தியோ நினைவுக்கு வரலாம். நாங்கள் தாராவிக்காரர்கள். என் அப்பா தோல் பை தைக்கும் "கார்கானா"வில் வேலை பார்த்தவர். கழித்துப்போட்ட துண்டுத் தோல்களைச் சேர்த்து அம்மாவின் வேதப்புத்தகத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த ஜிப் வைத்த உறை எங்கள் சபையில் வேறு யாரிடமும் இருந்ததில்லை. பித்தளை ஜிப். இழுத்தால் கர்ரென்று அறை முழுக்கக் கேட்கும். அந்த உறையைப் பார்த்துவிட்டு, பாக்கியம் தினமும் நாலு அதிகாரம் படிக்கிறவள் என்று சபையில் பலரும் நம்பினார்கள்.

அம்மாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் உபதேசியார் வீட்டில், "கோலி" என்று நாங்கள் சொல்லுகிற ஒற்றை அறையில், ஜெபக்கூட்டம் நடக்கும். சுவரை ஒட்டிப் பெரியவர்கள் உட்காருவார்கள், நடுவில் எங்களைப் போன்ற பிள்ளைகள். அன்றைக்கு உரிய அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிக்க வேண்டும், சாக்குச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள முடியாது. அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். அடுத்த வாரம் எந்த அதிகாரம் என்பதை உபதேசியார் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அம்மா எப்போதும் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள், அது உபதேசியாரிலிருந்து ஏழாவது இடம். ஆகவே அவளுக்கு வருவது ஏழாம் வசனம். வாரம் முழுக்க நான் அதை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்ட, அவள் பைகளில் பிசிர் நூலை வெட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வாள். வியாழக்கிழமை ஜிப்பைக் கர்ரென்று திறந்து, ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்து, ஒரு பிசகு இல்லாமல் சொல்லிவிடுவாள். எனக்கு எழுத்து வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி வாசித்துக் காட்டுவாளாம்; இப்படிப் பல வருடம் ஓடியது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு வியாழக்கிழமை ரூபி அக்கா தாமதமாக வந்து, உபதேசியார் மனைவிக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் விரலை விட்டு எண்ணினேன், அம்மா எட்டாவது ஆகிவிட்டாள். அவளுக்குக் கண்ணைக் காட்டினேன், அவள் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் இருந்தவர் ஏழாம் வசனத்தை வாசித்து முடித்தார். அம்மா ஜிப்பைத் திறந்து, குனிந்து, அதே ஏழாம் வசனத்தை மறுபடியும் கணீரென்று சொன்னாள்.

ரூபி அக்கா எட்டி அம்மாவின் மடியைப் பார்த்தார்.

"என்ன பாக்கியம், ரெண்டு தடவ சொன்னாத்தான் ஆண்டவருக்கு விளங்குமோ? அது சரி, நீ விரிச்சு வச்சிருக்கது பொருளடக்கம்லா!"

சிரித்தார்கள். ஜெபம் செய்ய வந்த இடத்தில், தோளைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா ஒன்றுதான் சொன்னாள். "ஏட்டி, நாளையில இருந்து எனக்கு எழுத்து சொல்லித் தா. எட்டாவது வந்தாலும் ஒம்பதாவது வந்தாலும் நான் வாசிக்கணும்."

நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத் தமிழும் ஞாயிறு பள்ளியில் தந்த வேதபாடப் புத்தகத்திலிருந்து வந்தது. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம், சின்னச் சின்னச் சொற்கள். சபை ஊரிலிருந்து வாங்கிக் கொடுக்கும், வருடத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நான் படித்ததைத் திங்கள்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் ஒரே வகுப்பில் இரண்டு பேர் படித்தோம். முதல் புத்தகம் முடிகிறபோது அம்மா ஆட்டுக்குட்டி, படகு, மீன் என்று விரல் வைத்து வாசித்தாள். நீளமான வரிகள் இரண்டாம் புத்தகத்தில் வரும் என்று காத்திருந்தோம்.

அது வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், ஏனென்றால் அதில் என் கையும் உண்டு.

எத்தனையோ மொழிகளில் வேதப்புத்தகமும் பாடப்புத்தகமும் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கிற வெளியூர் ஆட்கள் எங்கள் சபைக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். எந்தெந்த மொழி வேண்டுமோ அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் போதும். கமிட்டி செயலர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் இங்கிலீஷ் வரும்லா, நீ எழுது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருந்தது. எங்கள் மொழியின் பெயர் நடுவில் இருந்தது, மூன்றே எழுத்து, அம்மாவே வாசித்திருப்பாள்.

"இங்கிலீஷ் போடு, இந்தி போடு" என்றார் செயலர்.

"தமிழ், மாமா?"

"பம்பாயில எந்தப் பிள்ள தமிழ் படிக்கி? நீ படிக்கியா? மடக்கிக் குடு."

என் அம்மா படிக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மடக்கிக் கொடுத்துவிட்டேன்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கொடுக்கிறவன் தமிழிலும் கொடுக்கத் தயாராக இருந்தான். எங்கோ யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்து, பிழை பார்த்து, அச்சடித்து, பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களே, தமிழ்ச் சபை என்று வெளியில் போர்டு மாட்டியிருக்கிறவர்களே, வேண்டாம் என்றார்கள். இலவசப் புத்தகம் வந்ததும் ஊரிலிருந்து வாங்குவதையும் நிறுத்தினார்கள். பளபளவென்று இங்கிலீஷ் புத்தகம் வந்தது, பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்று ஆராதனையில் கைதட்டினார்கள்.

அம்மா ஆராதனை முடிந்ததும் நேராகச் செயலரிடம் போனாள்.

"அண்ணாச்சி, தமிழ்ப் பாடம் ஒண்ணே ஒண்ணு வரவச்சுக் குடுங்க."

"யாருக்கும்மா?"

"எனக்கு."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டார். "இது சின்னப் பிள்ளைய பாடம்லா. உனக்குப் படம் பாக்கணும்னா மாட்டுங்காவுல சினிமா ஓடுது, போய்ட்டு வா."

மறுபடியும் சிரிப்பு. அம்மா கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஜிப்பைத் திறந்து, "அந்த ஏழாம் வசனத்தையெல்லாம் எடுத்துக் குடுட்டி" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. பல வருட வியாழக்கிழமைகள். அவற்றில் வந்த ஒவ்வொரு அதிகாரத்திலும் ஏழாம் வசனம் அவளுக்கு மனப்பாடம். எழுத்து தெரியாதே தவிர, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியும். நான் பக்கத்தை எடுத்து ஏழைத் தொட்டுக் காட்டுவேன், அவள் வாயால் மெதுவாகச் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்துவாள், சொல்லும் எழுத்தும் ஓரிடத்தில் சேரும். சேராதபோது திட்டுவாள், என்னை. நீளமான சொற்கள் எனக்கே தெரியாது, இரண்டு பேரும் முட்டிமோதினோம். ஏழிலிருந்து எட்டுக்கும் ஆறுக்கும் போனோம். புத்தகம் எழுதியவர்கள் யாரும் இப்படி ஒரு பாடமுறையை யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. அதுவரை சுற்றி வாசிக்கும்போது, "கண்ணு சரியில்ல" என்று சொல்லித் தன் முறையை விட்டுக் கொடுத்தாள். பிறகு ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல ரூபி அக்கா தாமதமாக வந்தார். அம்மா நகர்ந்து, தனக்கு முன்னாலேயே அவருக்கு இடம் போட்டுக் கொடுத்தாள். எட்டாம் வசனம் வந்தது. விரல் வைத்து, தடுக்கித் தடுக்கி, கடைசிச் சொல்வரை வாசித்தாள். ரூபி அக்கா எட்டிப் பார்த்தார். பக்கம் சரியாக இருந்தது.

அப்பா இப்போது இல்லை. அந்தக் கார்கானா இருந்த இடத்தில் கட்டடம் எழும்புகிறது. நான் நவி மும்பையில், ஐரோலியில் இருக்கிறேன், அம்மா என்னோடு. போன மாதம் செம்பூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அறை பெரிது, ஏசி, சுவரில் பெரிய டிவி. சுற்றி வாசிப்பது மட்டும் மாறவில்லை. ஆனால் வசனம் டிவியில் வருகிறது, தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில். அதுவும் புது மொழிபெயர்ப்பு. அம்மா மடியில் விரித்து வைத்திருந்த புத்தகத்தில் அந்தச் சொற்கள் இல்லை.

கூட்டத்தை நடத்தியவன் ரூபி அக்காவின் பேரன் ஜோயல். நல்ல பையன். தொடங்குவதற்கு முன்பே அவனிடம் கேட்டேன், தமிழ் எழுத்தில் போடக் கூடாதா என்று.

"பசங்க யாருக்கும் படிக்க வராது ஆன்ட்டி. எல்லாரும் ஃபாலோ பண்ணணும்ல?"

"எல்லாரும்னா யாருப்பா? இவங்க இல்லையா?"

"ஆப்ல தமிழ் இருக்கு ஆன்ட்டி. எந்த லாங்குவேஜ் வேணும்னாலும் இருக்கு, ஃப்ரீதான். பாட்டிய டவுன்லோட் பண்ணச் சொல்லுங்க."

உலகத்து மொழியெல்லாம் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. அன்றைக்குப் படிவத்திலும் இருந்தது. அன்றைக்குச் செயலர் சொன்னது நடந்துவிட்டது, பம்பாயில் எந்தப் பிள்ளையும் தமிழ் படிக்கவில்லை. படிக்காதபடி செய்துவிட்டு, பிறகு படிக்கவில்லை என்று காரணம் சொல்கிறார்கள்.

வாசிப்பு சுற்றி வந்துகொண்டிருந்தது. அம்மா திரையைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏட்டி, எனக்கு எது வருது?"

நான் எண்ணினேன். அவளுக்கு வரும் வரியைக் காதில் சொன்னேன். அவள் உதடு அசைத்து மனப்பாடம் செய்தாள். முறை வந்தபோது டிவியை நேராகப் பார்த்து, ஒரு பிசகு இல்லாமல் சொன்னாள்.

"பாட்டி சூப்பரா படிச்சாங்க!" என்றான் ஜோயல். எல்லோரும் கைதட்டினார்கள்.

அம்மா ஜிப்பை இழுத்து மூடினாள். பித்தளை தேய்ந்துவிட்டது, இப்போது சத்தமே வருவதில்லை.