அடுத்த வீட்டுச் சிரிப்பு

எங்கள் கொருக்குப்பேட்டைக் குடியிருப்பில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே சண்டை, இல்லாவிட்டால் சாவு என்று அர்த்தம். நான் மட்டும் சாத்தியே வைத்திருப்பேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்குத் தலை வலிக்கும். அதற்குக் கிடைத்த பட்டம் ஊமைக்கோட்டான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்த வீட்டுக்காரி எனக்கு நேர்மாறு. கல்யாணமாகி வந்த சின்னப்பெண். வாய் ஓயாது, கதவு மூடாது. முழுகாமல் இருப்பது தெரிந்த அன்றே கேசரி கிளறி மாடி மாடியாக ஏறிக் கொடுத்தாள். 'அக்கா' என்று கூப்பிட்டு எனக்கும் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பினேன். கூட்ஸ் வண்டி கடந்துபோய்ச் சத்தம் அடங்கியது. அவள் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சு.

"வாங்க, குந்துங்க. டீ குடிக்கிறீங்களா?"

பிறகு சிரிப்பு. யாரோ பதில் சொல்வதுபோலக் கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் அதே "வாங்க, குந்துங்க". மறுபடியும் அதே சிரிப்பு, இம்மிகூட மாறாமல். பதில் குரல் வரவே இல்லை. கீழே குழாயடியில் இருந்தவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகக் குடம் மாற்றினார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் மனுஷி எப்படியெல்லாம் இருப்பாள் என்று அங்கே எனக்குத்தான் தெரியும்.

யார் வீட்டுக் கதவையும் தட்டியறியாத நான் அதைத் தள்ளினேன். சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே யாரும் இல்லை. வாய் சிரித்தது, கண் அசையவே இல்லை. ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு.

"இன்னாம்மா ஆச்சு?"

"வயித்துல இருந்தது பூட்ச்சிக்கா. காலைல ஆஸ்பத்திரில சொல்ட்டாங்க. அவரு லாரில போயிக்கீறாரு, இன்னும் சொல்லல. என் சத்தம் நின்னா அல்லாரும் வந்து இன்னா இன்னானு கேப்பாங்க. அல்லாருக்கும் கேசரி குட்த்தேனே."

கீழேயிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். "இன்னாமே, சத்தத்தையே காணோம்?"

அவள் சிரிக்க வாயைத் திறந்தாள். பொறுக்க முடியவில்லை எனக்கு. அவள் வாயைக் கையால் பொத்தினேன். பிறகு வெளியே போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"அதுக்கு ஒடம்பு முடியல. நான் கூட கீறேன். ஒருத்தரும் மேல வராதீங்க!"

என் குரலை அந்தக் குடியிருப்பு அதுவரை கேட்டதில்லை. குழாயடியில் எல்லாரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் அவள் அழ ஆரம்பித்தாள்.