ஜஸீலாவின் இடது காதும் வலது காதும்

நெல்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் ஜஸீலாவின் மாவு மில்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. தெருமுனையில் கால் வைத்ததுமே சத்தம் வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். கோதுமை, கேழ்வரகுக்கு ஒரு மெஷின், மிளகாய், மல்லிக்கு ஒரு மெஷின். இரண்டும் சேர்ந்து ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சைகையில்தான் பேசிக்கொள்வார்கள்.

தகப்பனார் இறந்த பிறகு பதினாறு வருடமாக மில் அவள் கையில். கணவர் சேக் இஸ்மாயில் லோடு ஆட்டோ வைத்திருந்தார். இவள் அரைக்கும் மசாலாப் பொடியை ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் வேலை. மகள் முபீனா நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜஸீலாவின் காதைப் பற்றி அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. மல்லியைத் தொட்டியில் கொட்டி அரை நிமிடம் ஓடியதும், திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணே, ஒங்க மல்லி இன்னும் ஒரு வெயில் காயணும். நமத்த சத்தம் கேக்குது" என்பாள். அண்ணன் நம்பாமல் ஒரு மல்லியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். அது நமத்துத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட காதுக்குச் சொந்தக்காரிக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் பகல் முழுக்க மில்லில் நிற்கிறவள் எங்கே பாட்டுக் கேட்பது? செல்போனை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் மெஷினுக்குப் பக்கத்தில் அது கொசு பாடுகிற மாதிரிதான் இருந்தது. ஒருநாள் பஜாரில் கழுத்தில் மாட்டிக் காதில் செருகுகிற நெக்பேண்ட் ஒன்று வாங்கி வந்தாள். அதில் பாட்டு கேட்டது, ஆனால் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினால்தான் கேட்டது. மூன்று வாரத்தில் மெஷினை நிறுத்திய பிறகும் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒன்று விடாமல் ஓடத் தொடங்கியது. சேக் இஸ்மாயில் எதைச் சொன்னாலும் "ஆங்?" என்றாள். அவர் உடனே வண்டியில் ஏற்றிக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. சத்தத்துக்கு மேல சத்தம் வச்சுக் கேட்டா காது என்னத்துக்காகும்? வெளிச் சத்தம் உள்ள வராம அடைங்க. பாட்ட மெதுவா வைங்க."

வெளியே வந்ததும் ஜஸீலா கேட்டாள். "பாட்டே கேக்கக் கூடாதுன்னு சொல்லலேல்ல?"

"சொல்லல" என்றார் அவர்.

"அப்பச் சரி."

கொய்ங் சத்தம் அடங்கிய பிறகு முபீனா பிறந்தநாளுக்குக் கிடைத்த தன் வயர் இல்லாத இயர்பட்ஸைத் தாயின் காதில் மாட்டிவிட்டாள். வெளிச் சத்தத்தை அதுவே அழித்துவிடும் என்று அதன் டப்பாவில் போட்டிருந்தது. ஃபேன் சத்தத்தை அழித்தது உண்மைதான். மிளகாய் மெஷினின் கடகடப்பை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மூன்றாம் நாள், ஹோட்டலுக்கு அரைத்த மல்லித்தூள் டிரம்மை அவள் குனிந்து பார்த்தபோது வலது காதில் இருந்தது நழுவித் தூளுக்குள் விழுந்து மறைந்தது. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு டிரம் தூளையும் சலித்தார்கள். இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். பட்ஸ் கிடைத்தபோது அதுவே ஒரு மல்லி உருண்டையாக இருந்தது.

"வயர் உள்ளதாப் பாரு. காத விட்டு எறங்காததாப் பாரு. இன்னொரு டிரம் சலிக்க எனக்குத் தும்மல் இல்ல" என்றார் சேக் இஸ்மாயில்.

அந்தத் தூளை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, ஹோட்டலுக்குப் புதிதாக அரைத்தார்கள். அதைக் கொண்டுபோய்ப் போடக் காளவாசலுக்கு வண்டி போன அன்று ஜஸீலாவும் கூடவே ஏறிக்கொண்டாள். சிக்னலுக்குப் பக்கத்தில் சூரியபிரகாஷ் என்று ஒரு பையன் இயர்போன் கடை வைத்திருந்தான். பையன் என்றாலும் முப்பது வயது இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் இஞ்சினியரிங் முடித்தவன். கேட்டுப் பார்க்கவென்றே தனியாகச் சில ஜோடி வைத்திருந்தான். ஒவ்வொருவர் கேட்டு முடித்ததும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைப்பான்.

"எனக்கு மில்லு சத்தம் கேக்கக் கூடாது. பாட்டு நல்லாருக்கணும். வெலையும் கையைக் கடிக்கக் கூடாது" என்றாள் ஜஸீலா.

"அக்கா, மூணும் சேந்து ஒண்ணுல கெடைக்கிறது கஷ்டம்."

"கஷ்டந்தான். அதான் ஒன்னயத் தேடி வந்திருக்கேன்."

அவன் சிரித்துவிட்டு நான்கு ஜோடிகளை எடுத்து வைத்தான். ஜஸீலா விலையைச் சொல்ல வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. கல்யாணமான வருடத்தில் தெருவெல்லாம் ஒலித்த மழைப் பாட்டு. அதையே நான்கிலும் போடச் சொன்னாள்.

முதலாவதற்கு முகத்தைச் சுளித்தாள். "டமடமன்னு அடிக்குது. பாடுற புள்ளயக் காணோம்." இரண்டாவதில் சத்தம் கூர்மையாக இருந்தது. "ஊசி கொண்டு குத்துது." மூன்றாவது பரவாயில்லை. நான்காவதை மாட்டி முதல் சரணம் முடியும்வரை கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். "நல்ல ஆளுதான், ஆனா பாதிதான் பேசுது. இடது பக்கம் நெறைவா இருக்கு. வலது பக்கம் தண்ணி ஊத்துன ரசம் மாதிரி இருக்கு. பஸ்சு சத்தமும் அந்தப் பக்கந்தான் உள்ள வருது."

சூரியபிரகாஷ் நிமிர்ந்து பார்த்தான். டிராயரைத் திறந்து, காதுக்குள் போகும் ரப்பர் மொட்டுகளைச் சின்னதும் பெரியதுமாக ஒரு தட்டில் பரப்பினான்.

"அக்கா, எல்லாருக்கும் ரெண்டு காதும் ஒரே அளவா இருக்காது. ஒங்களுக்கு வலது பக்கத் தொளை சின்னது போல. அங்க மட்டும் சின்ன ரப்பரு போட்டுப் பாப்போம்."

"நாப்பத்தி ரெண்டு வயசு வரைக்கும் இது எனக்குத் தெரியலையே!"

வலப்பக்கம் சின்ன ரப்பர், இடப்பக்கம் நடு அளவு. வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றி, காது மடலை லேசாக மேலே இழுத்து உள்ளே பொருத்தச் சொன்னான். அவள் பொருத்தினாள். காளவாசல் அப்படியே அடங்கியது. யாரோ பெரிய கதவை இழுத்துச் சாத்திய மாதிரி இருந்தது. பஸ், ஆட்டோ, போலீஸ்காரர் விசில் எல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விட்டன. பாட்டு தொடங்கியது. தபேலாவின் அடிச் சத்தம் வயிற்றில் இறங்கியது. அதுவும் சத்தத்தைப் பாதிக்கும் கீழே வைத்திருக்கும்போதே.

கடைக்குள் கேட்டது போதாதென்று போனையும் கையில் பிடித்தபடி சிக்னல் பக்கம் வந்து பிளாட்பாரத்தில் நின்றாள். பச்சை விழுந்து வண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு கிளம்பின. ஜஸீலா கண்ணை மூடி நின்றாள். லோடு ஆட்டோவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சேக் இஸ்மாயில் பயந்துபோய் ஓடி வந்தார்.

"என்னாச்சு? மயக்கம் வருதா?"

அவள் ஒன்றைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு. "என்னங்க, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மூச்ச இழுக்குது! இருபது வருசமாக் கேக்குறேன், இன்னைக்குத்தான் அது மூச்சு விடுற மனுசின்னு தெரியுது."

நான்கில் அதுதான் விலை குறைந்தது. எழுநூறு ரூபாய்க்குள் இருந்தது. மூவாயிரத்துச் சொச்ச ரூபாய் விலை போட்டிருந்த முதலாவதை எடுத்துப் பார்த்து, "இத நானே நல்லதுன்னு வித்துக்கிட்டிருக்கேனே" என்றான் சூரியபிரகாஷ்.

மில்லுக்கு வந்ததும் வேறொரு சிக்கல். காதை அடைத்தால் மெஷின் பேசுவதும் கேட்காது. தொட்டி காலியானதை இத்தனை நாள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தவள், முதல் நாளே அரைக்கும் கல்லை வெறுமனே ஓடவிட்டாள். கருகல் வாடை வந்த பிறகுதான் ஓடிப்போய் நிறுத்தினாள்.  மறுநாள் தொட்டியின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து நின்று பார்த்தாள். நிறைந்த தொட்டிக்கு ஓர் அதிர்வு, காலியாகிற தொட்டிக்கு வேறோர் அதிர்வு. நான்கு நாளில் கை பழகிவிட்டது. வயர் மெஷின் பெல்ட்டில் சிக்காமல் இருக்கச் சேலைக்குள் விட்டு இடுப்பில் செருகினாள். சேக் இஸ்மாயில் வாசலில் ஒரு சுவிட்ச் வைத்து, அவள் கண்ணுக்கு நேராகச் சிவப்பு பல்பு மாட்டினார். வருகிறவர்கள் அழுத்தினால் பல்பு எரியும். அவள் திரும்பிப் பார்ப்பாள். தெருப் பிள்ளைகள் சும்மா அழுத்திவிட்டு ஓடியது ஒரு வாரம் நடந்தது.

அதன் பிறகு மாதம் ஒருமுறை சூரியபிரகாஷிடம் இருந்து போன் வரும். "அக்கா, புது ஸ்டாக்கு வந்திருக்கு. எப்ப வாரீங்க?" ஜஸீலா போவாள், கண்ணை மூடிக் கேட்பாள், "இது வேணாம், இது தகரம், இது நல்ல புள்ள" என்று பிரித்து வைப்பாள். அவள் 'நல்ல புள்ள' என்றவற்றை அவன் தனி அலமாரியில் அடுக்கினான்.

போன பங்குனியில் நாகமலைப் பக்கத்து விவசாயி சின்னச்சாமி, பேத்தி கல்யாணத்துக்காக ஒரு மூட்டை மிளகாய் கொண்டுவந்தார். எழுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், வெண்கலத் தொண்டை. அரைத்து முடியும்வரை சும்மா உட்கார முடியாமல், "ஏத்தா, அப்பிடி என்னத்தத்தான் கேக்குற?" என்று சைகையில் கேட்டார். ஜஸீலா அவருக்கென்று புது ரப்பர் மாற்றிக் காதில் பொருத்திவிட்டு, ஒரு தெம்மாங்குப் பாட்டைப் போட்டாள்.

சின்னச்சாமியின் கண் விரிந்தது. முதலில் தலை ஆடியது. பிறகு தொடையில் தாளம் விழுந்தது. பிறகு வாயைத் திறந்து கூடவே பாடத் தொடங்கினார். மெஷின் சத்தத்தில் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

இரண்டு மெஷினும் இழுத்து இழுத்து நின்றன. தெரு நிசப்தமானது. அந்த நிசப்தத்தின் நடுவே, ஒன்றும் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு, சுருதியை எங்கேயோ விட்டுவிட்டு, சின்னச்சாமி ஒருவர் மட்டும் உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தார். மாடியில் துணி உலர்த்தியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்க் கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். சேக் இஸ்மாயில் சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோளைத் தொடப் போனார்.

ஜஸீலா கணவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. இன்னும் ஒரு சரணம் இருக்கு."